முறுமுறுக்காத இருபத்தொரு நாள்

அந்தத் தாளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இளமஞ்சள் நிறத் தாள். மேலே 'இந்த வாரச் சிறு இலக்குகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அதன் கீழே மூன்று கட்டம்: ஜெபம், வாசிப்பு, குணம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏழு நாளுக்கு ஏழு சின்னச் சதுரம். செய்து முடித்தால் டிக் அடிக்க வேண்டும். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 'கூட்டாளியின் கையெழுத்து'. மிஷனெரிகளாக எங்களை இரண்டிரண்டு பேராகத்தான் வெளியூருக்கு அனுப்புவார்கள். ஒருத்தி ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்கிறாளா என்று மற்றவள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அதைப் போனில் படம் பிடித்துப் பெரியக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும்.

பெரியக்கா எங்கள் மேற்பார்வையாளர். பதினான்கு வீடு, இருபத்தெட்டுப் பெண்கள் அவர் பொறுப்பில். "சின்னதா வைங்க. அளக்கிற மாதிரி வைங்க. 'ஆண்டவர்கிட்ட இன்னும் கிட்டிச் சேரணும்'னு எழுதாதீங்க, அத எந்த ஸ்கேல வச்சு அளக்கிறது? 'காலைல பத்து நிமிஷம் ஜெபம்'னு எழுதுங்க. பத்துன்னா பத்து." இதைச் சொல்லும்போது ஆட்காட்டி விரலை நீட்டிக்கொள்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதனால்தான் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கு.

என் கூட்டாளிக்குப் பூனை என்று பெயர் வைத்தது நான். பக்கத்தில் வந்து நிற்பாள், வந்ததே தெரியாது. என்னைவிட நான்கு வயது சின்னவள், ஊரில் டைப்ரைட்டிங் டீச்சராக இருந்தவள். எனக்குப் பயிற்சி விடுதியிலேயே டமாரம் என்று பெயர் விழுந்துவிட்டது. காரணத்தை விளக்க வேண்டியதில்லை. டமாரத்தையும் பூனையையும் ஒரே வீட்டில் போட்டால் ஒன்றை ஒன்று சரிசெய்யும் என்று பெரியக்கா கணக்குப் போட்டிருந்தார்.

போன வருஷக் கடைசியில் குணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது: 'ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் கத்தக் கூடாது.' பூனை எழுதியது: 'இருபத்தொரு நாள் முறுமுறுக்காமல் இருத்தல்.' ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள இருபத்தொரு நாள் ஆகும் என்பது பெரியக்காவின் கண்டுபிடிப்பு. நடுவில் ஒரு தடவை முறுமுறுத்தாலும் அடித்த டிக்கை எல்லாம் அழித்துவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. அதற்காகவே டிக்கை எல்லாம் பென்சிலில் அடிக்கச் சொல்வார்.

"உனக்கு எதுக்குடி இந்த இலக்கு? முறுமுறுக்கிற வேலை எல்லாம் நான்தானே மொத்தமா எடுத்திருக்கேன்" என்றேன்.

"மனசுக்குள்ள நிறைய முறுமுறுக்கிறேன்க்கா. உங்களுக்குத் தெரியாது."

"அப்படியா? என்னைப் பத்தியா?"

சிரித்தாள்.

முதல் முயற்சி ஐந்தாம் நாளில் போனது. சூப்பில் உப்பு கம்மி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவளே ஓடிப் போய் அழித்தாள். இரண்டாவது முயற்சி பன்னிரண்டாம் நாள் வரை வந்தது. நாங்கள் இருந்தது ஐந்தாவது மாடி. லிப்ட் கெட்டுப்போய் மாதக்கணக்கு. நாங்கள் எடுக்கும் எழுத்து வகுப்பு முடிந்து ஆளுக்கொரு பை நிறைய நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கால் வலிக்குதுக்கா."

நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன். "மாட்டினியா! முறுமுறுப்பு! போ, முதல் நாளுக்குப் போ!"

"இது முறுமுறுப்பாக்கா? வலிக்குதுன்னுதானே சொன்னேன்."

"வலிக்குதுன்னா என்ன அர்த்தம்? இந்தப் படி ஏன் இவ்வளவு இருக்கு, இந்த லிப்ட் ஏன் ஓடலன்னுதானே அர்த்தம்? ரூல்னா ரூல்தான்."

வீட்டுக்குள் போனதும் ரப்பரை எடுத்து, இரண்டு வாரத் தாளிலும் இருந்த அவளுடைய பதினோரு டிக்கையும் நானே அழித்தேன். ஊதி, ரப்பர் துகளைக் கையால் தட்டிவிட்டேன். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். "சரிக்கா, ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள். அன்றைக்கு அது எனக்கு நல்ல தமாஷாக இருந்தது.

மூன்றாவது முயற்சியில் வாயே திறக்கவில்லை. குளியலறையில் வெந்நீர் வராத நாளிலும், மேல்வீட்டுக்காரன் நாற்காலியை இழுத்து இழுத்து உயிரை வாங்கிய நாளிலும், நான் மூன்று தடவைக்கு மேல் கத்திய எல்லா நாளிலும் அவள் டிக் அடித்தாள். நடுவில் ஒரு சனிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பெரியக்காவிடமிருந்து அவளுக்கு மூன்று கும்பிடும் கைப் படமும் எனக்கு 'தொடர்ந்து முயற்சி செய்யவும்' என்ற வாசகமும் வந்தன.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் ரொட்டியைத் தொடவில்லை. "இன்னைக்கு உபவாசம்க்கா" என்றாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவள் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறாள், நான் மட்டும் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். சாயங்காலம் குளியலறைக்குள் போனவள் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டி, "தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று கத்தினேன். அது அன்றைய இரண்டாவது கத்தல். குழாயை மூடிவிட்டு வெளியே வந்து, "சாரிக்கா" என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. உபவாசம் இருக்கிறவள் முகம் வெளுக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, பதினான்காம் நாள். தலையணையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாளை என் பக்கம் நகர்த்தினாள். ஏழு டிக். ஓரத்தில் 'கூடுதல் இலக்கு: உபவாசம், 2 நாள்' என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். எழுத்து லேசாகக் கோணியிருந்தது. டைப்ரைட்டிங் டீச்சரின் எழுத்து எப்போதும் அச்சடித்த மாதிரி இருக்கும். கோணியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கையால் டீயைக் கலக்கிக்கொண்டே இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அவள் அம்மா போன் செய்தார். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "இப்பதான் தூங்கி எழுந்தேம்மா" என்றாள். அப்புறம் போனை என்னிடம் கொடுத்தாள். "நீ பக்கத்துல இருக்கிறதாலதாம்மா நான் நிம்மதியா இருக்கேன்" என்றார் அந்த அம்மா. நான் ஒரு டமாரத்துக்குரிய சத்தத்தோடு, "நீங்க கவலையே படாதீங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

திங்கட்கிழமை பதினாறாம் நாள். எங்கள் வேலை ஒரு சட்டைத் தொழிற்சாலையில். அங்கே தைக்கிற, பட்டன் வைக்கிற, இஸ்திரி போடுகிற பெண்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பதினோரு பேர். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிஷம். அதில் பாதியை அவர்கள் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு அறையின் நீள மேஜை முழுக்க நூல் பிசிறு ஒட்டியிருக்கும். பூனை பலகையில் எழுதுவாள், நான் மேஜையைச் சுற்றி வந்து அவர்கள் கை பிடித்து எழுத வைப்பேன்.

அன்றைக்கு அவள் ஓர் எழுத்தைப் பாதி எழுதினாள். மீதிப் பாதிக்குப் பதில் சாக்பீஸ் நேராகக் கீழே ஒரு கோடு இழுத்துக்கொண்டே இறங்கியது. கோட்டின் முடிவில் அவள் தரையில் கிடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். அப்போதும் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. உதட்டைப் பல்லால் கடித்து வைத்திருந்தாள்.

எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது இஸ்திரிக்காரம்மா. முழங்கை வரை சூட்டுத் தழும்பு உள்ளவர், மூன்று மாதமாகத் தன் பெயரை எழுதப் பழகிக்கொண்டிருந்தவர். பூனையை அப்படியே இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பாமலே அந்த ஊர்ப் பேச்சில் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையே இந்தப் பொண்ணு ஒரு கைய வயித்துல வச்சுக்கிட்டுதானே எழுதுச்சு? நாங்க பதினோரு பேரும் பாத்தோம். நீ பாக்கலையா?"

"அவ ஒண்ணுமே சொல்லலைங்க."

"சொல்லாதது எங்களுக்கும் தெரியும். உங்க சாமி வலிய வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிருப்பாரோன்னு நெனச்சு நாங்களும் கேக்கல."

எங்கள் சாமி அப்படிச் சொல்லவில்லை. வேதத்தில் பாதிப் பேர் அவரிடம் நேரடியாகக் குறை சொல்லிச் சண்டை போட்டவர்கள்தான். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்படிச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தெருவில், ஆஸ்பத்திரிக்குப் போன அந்தத் தொழிற்சாலை வேனில், அதை யோசிக்க எனக்குத் துணிவில்லை. அதனால் கோபப்பட்டேன். கோபப்படுவது எனக்குச் சுலபம்.

அப்பெண்டிக்ஸ் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. இரண்டு மணி நேரம் ஆபரேஷன். வெளியே வந்த டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, "நாலு நாளாவது வலிச்சிருக்கும். சாதாரண வலி இல்ல. எப்படித் தாங்கினாங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். பாராட்டுகிற மாதிரிக் கேட்டார். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அவள் அம்மாவுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ பக்கத்துலதானேம்மா இருந்த?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுதிருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பூனை கண் விழித்தாள். மூக்கில் குழாய், புறங்கையில் ஊசி. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறாளாக்கும் என்று குனிந்தேன். "பை" என்றாள். பையை எடுத்துக் கொடுத்தேன். துழாவி அந்த மஞ்சள் தாளை எடுத்தாள், பென்சிலை எடுத்தாள், ஊசி குத்திய கையாலேயே திங்களுக்கும் செவ்வாய்க்கும் இரண்டு டிக் அடித்தாள். அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள்.

நான் வெளியே போய்ச் சுவரில் ஒரு குத்து விட்டேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். செத்துப் பிழைத்து வந்தவளைப் பிடித்து உலுக்கி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. யாருக்காகடி டிக் அடிக்கிறாய்? அந்தப் பக்கம் போயிருந்தால் உன் தாளையா கேட்டிருப்பார்கள்?

புதன், வியாழன், வெள்ளி. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. நர்ஸ் வேளைக்கு ஒரு தடவை ஓர் அட்டையோடு வருவார். அட்டையில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை வரிசையாக முகங்கள். பூஜ்யம் சிரிக்கும், பத்து அழும். "எந்த முகம்?" என்று கேட்பார். பூனை சிரிக்கிற முகத்தைத் தொடுவாள். ஒரு தடவைகூட விரல் அடுத்த முகத்துக்கு நகரவில்லை.

சனிக்கிழமை காலையில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அஞ்சாவது நாளும் காய்ச்சல் விடல. உள்ள எங்கயோ மறுபடி சீழ் கட்டுதுன்னு சந்தேகமா இருக்கு. எங்க வலிக்குதுன்னு கேட்டா எங்கயும் இல்லங்கிறாங்க, எங்க அமுக்கினாலும் பேசாம இருக்காங்க. ஸ்கேன் மெஷின் ஒண்ணுதான், வரிசைல நாளைக்கு மத்தியானத்துக்குதான் இடம் இருக்கு. அவங்க ஒரு இடத்தச் சொன்னா இப்பவே முன்னால தள்ளிடுவேன். ஒரு நாள் தள்ளிப்போறது நல்லதில்ல. நீங்க பேசிப் பாருங்க."

பேசிப் பார்த்தேன். கெஞ்சினேன், அதட்டினேன், கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினேன். அன்றைய மூன்று கத்தலும் காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிட்டன. "ஒண்ணும் இல்லக்கா, நல்லாதான் இருக்கேன்" என்பதுதான் பதில். நெற்றி அடுப்பாய்ச் சுட்டது.

பத்து மணிக்குப் பெரியக்கா வந்து சேர்ந்தார். ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தார், பாவம், கால் வீங்கியிருந்தது. பூனையின் தலையைத் தடவி ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தவர் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த தாளைப் பார்த்தார். எடுத்து எண்ணினார். ஆறு டிக், முந்தின இரண்டு வாரத் தாள்களோடு சேர்த்தால் இருபது. அவர் கண் கலங்கியது. என்னைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"இன்னும் இன்னைக்கு ஒரு நாள்தான்" என்றார்.

"என்னது ஒரு நாள்?"

"இருபத்தொண்ணு முடிஞ்சிடும். இவ்வளவு வலியிலயும் ஒரு வார்த்த முறுமுறுக்கலையே இந்தப் பிள்ள! எத்தன பேருக்கு இது ஒரு சாட்சியா இருக்கும்! நம்ம மாதப் பத்திரிகைக்கு நீதான் எழுதணும். கூடவே இருந்து பாத்தவ நீதானே."

வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"சாட்சியா? செத்திருந்தா அட்டைப் படமா போட்டிருப்பீங்களா? வலிக்குதுன்னு சொல்லாத வாயில என்ன பரிசுத்தம் இருக்கு? வலிக்கிற இடத்தச் சொன்னாதான் பிழைப்பா, இன்னைக்கே சொல்லணும். அவ சொல்ல மாட்டேங்கிறா. ஏன் தெரியுமா? உங்க சதுரத்துல ஒண்ணு காலியா இருக்கு. அத அடைக்கிறதுக்கு உசுரக் குடுக்கிறா. சின்ன இலக்காம், அளக்கிற மாதிரியாம்! காய்ச்சல அளந்து பாருங்க, நூத்தி மூணு!"

பெரியக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விரலை நீட்டவில்லை.

"நான் ஊழியத்துக்குப் போன புதுசுல தாளும் கிடையாது, கூட்டாளியும் கிடையாது" என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷம் தனியா ஒரு ஊருல கிடந்தேன். சாப்பிட்டியா, ஜெபிச்சியான்னு கேக்க நாதியில்ல. நான் இருக்கேனா செத்தேனான்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் இந்தத் தாள ஆரம்பிச்சேன். வாரம் ஒரு தடவையாவது ஒருத்தி முகத்த இன்னொருத்தி பாக்கட்டும்னுதான் கீழ அந்தக் கோட்டப் போட்டேன்."

வீங்கின காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

"சனிக்கிழமை வந்த தாள்ல உன் கையெழுத்து இருந்துச்சு. கையெழுத்து இருந்தா நான் என்னன்னு நெனப்பேன்? நீ அவ முகத்தப் பாத்துட்டேன்னு நெனப்பேன்."

அவர் திட்டவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. களைத்துப்போன குரலில் நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். திருப்பிக் கத்த வாயைத் திறந்தேன். ஐந்து நாளாக டாக்டர்மேல், தாள்மேல், பெரியக்காமேல், பூனைமேல் என்று மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்த கோபம், எங்கே போக வேண்டுமோ அங்கே வந்து சேர்ந்தது. டீயைக் கலக்கிய கையும், கோணல் எழுத்தைப் பார்த்தும் பார்க்காத கண்ணும் என்னுடையவை.

வார்டுக்குள் திரும்பிப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கத்தவில்லை. மஞ்சள் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

"உனக்கு ஒரு புது இலக்கு வைக்கப்போறேன்" என்றேன்.

"இன்னும் இது முடியலையேக்கா."

"இது வேற. சின்னதுதான். அளக்கிற மாதிரிதான். இன்னைக்கு ஒரே ஒரு குறை சொல்லணும். ஒண்ணே ஒண்ணு. எதப் பத்தி வேணா இருக்கலாம்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "விளையாடுறீங்களா? சொன்னதும் அழிச்சிடுவீங்க."

அழித்துவிடுவீர்கள் என்று அவள் சொன்னது என் நெஞ்சில் எங்கே இறங்கியதோ அங்கே இன்னும் இருக்கிறது.

"அழிக்க மாட்டேன். ரப்பரே இருக்காது, பாரு." பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, கைக்குட்டை, பென்சில் சீவி, ரப்பர் எல்லாம் விழுந்தன. ரப்பரை எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். கீழே யார் தலையில் விழுந்ததோ தெரியாது.

அவள் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக மூடி வைத்திருந்த வாய்க்குத் திறக்க வழி தெரியவில்லை.

"தலையணை" என்றாள். "ரொம்பத் தட்டையா இருக்கு."

'1. தலையணை தட்டை' என்று எழுதினேன்.

"அந்த நர்ஸ் அட்டைல சிரிக்கிற மூஞ்சி இருக்குல்ல? அதப் பாத்தாலே எனக்கு எரிச்சலா இருக்கு."

'2. சிரிக்கிற மூஞ்சி.'

"அப்புறம்?"

கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. "தோள்பட்டை வலிக்குதுக்கா. வலது பக்கம். மூச்ச இழுத்தா கத்தியால குத்துற மாதிரி. முந்தாநேத்துலேர்ந்து. வயித்துல ஆபரேஷன் பண்ணுனதுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம், இத வேற சொல்லணுமான்னு…"

"எத்தனாவது முகம்?"

"ஒம்போது."

'3. வலது தோள், ஒன்பது' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். வாசலில் பெரியக்கா நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வீங்கின காலோடு நர்ஸைக் கூப்பிட ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். டாக்டர் வந்தார், தோள் என்றதும் அவர் முகம் மாறியது. விலாவுக்கு உள்ளே, மூச்சு வாங்குகிற தசைக்கு அடியில் சீழ் கட்டினால் தோளில்தான் வலிக்குமாம். வரிசையை உடைத்து ஸ்கேனுக்கு எழுதினார். பிழைத்துக்கொண்டாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று மாலைக்குள் ஒரு குழாய் போட்டுச் சீழை வெளியே எடுத்தார்கள், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

ஆனால் அது அப்புறம். தள்ளுவண்டி வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இலக்கு முடிஞ்சிருச்சு" என்றேன். "ஒண்ணு கேட்டா மூணு சொல்லிட்ட."

"இன்னும் இருக்குக்கா."

"சொல்லு."

"உங்களப் பத்தி."

"சொல்லுன்னுதானே சொல்றேன்."

முகத்தை என் பக்கம் திருப்பினாள். நான் அந்த முகத்தை அவ்வளவு கோபமாக அதுவரை பார்த்ததில்லை. பூனைக்கு நகம் இருக்கும் என்பதையே மறந்துவிட்டிருந்தேன். குரல் மட்டும் எப்போதும்போல் மெல்லியதாகவே இருந்தது.

"அன்னைக்குக் குழாய் தண்ணி ஏன் தொறந்து விட்டேன்னு கத்தினீங்க. நான் உள்ள வாந்தி எடுத்துக்கிட்டிருந்தேன். சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதேன்னு தொறந்து விட்டேன். கேட்டுடணுமேன்னும் இருந்துச்சு."

எழுதினேன்.

"சனிக்கிழமை தாள உங்க பக்கம் தள்ளினேன்ல? நிமிந்து பாப்பீங்கன்னு நெனச்சேன். 'என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு'ன்னு நீங்களா கேட்டா, அது நான் முறுமுறுத்ததா ஆகாதில்ல? அதுக்காகத்தான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க டீயப் பாத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டீங்க."

எழுதினேன். என் கண்ணீர் விழுந்து தாள் நனைந்தது. அதன்மேலேயே அழுத்தி எழுதினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா."

"சொல்லு."

"மாடிப்படில கால் வலிக்குதுன்னு சொன்னேன். நிஜமாவே வலிச்சுது. நீங்க கை தட்டினீங்க. பதினோரு நாளையும் அழிச்சிட்டு ஊதினீங்க. நானும் சிரிச்சேன். வலிய இனிமே உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன்."

அவளுடைய டிக் வரிசை நீண்டுகொண்டே போனது எனக்குப் பொறுக்கவில்லை என்பதையும், அழித்தபோது உள்ளுக்குள் இனித்தது என்பதையும் நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகொரு நாள் சொன்னேன். அன்றைக்கு அது அவளுடைய நேரம். 'நானும் சிரிச்சேன்' என்பதையும் சேர்த்து ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் விரிப்போடு சேர்த்து அவளைத் தூக்கியபோது, "ஐயோ, மெதுவா, வலிக்குது!" என்று கத்தினாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அவர்கள் வண்டியைத் திருப்புவதற்குள் என் கையைப் பிடித்தாள். "தாள் என்னாச்சு? கீழ கோடு போட்டுக் கையெழுத்துப் போடுங்க. பெரியக்காகிட்டக் குடுக்கணும்."

கோடு போட்டேன். முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு எழுதியிருந்த ஆறையும் ஒன்று விடாமல் படித்தேன். படித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.